தொடரலாமா, இறங்கலாமா?

எண்டூரன்ஸ் என்னும் நெடுந்தூரச் சவாரியில் ஒரு சுற்று முடிந்து குதிரை முகாமுக்குள் நுழைந்ததும் கடிகாரம் நின்றுவிடாது. துடிப்பு குறித்த அளவுக்கு இறங்கி, நீங்களாகவே குதிரையை மருத்துவர் முன் கொண்டுபோய் நிறுத்தும்வரை நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சர்வதேசப் போட்டிகளில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவு நிமிடத்துக்கு 64. இறங்குவதற்கான அவகாசம் இடைச் சுற்றுகளில் 15 நிமிடம், கடைசிச் சுற்றில் 20. வெயில் கடுமையான நாளில் அந்த 64ஐ 60 ஆகவோ 56 ஆகவோ குறைப்பதும் உண்டு. போட்டி அறிவிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். நண்பர் சொன்னார் என்று நம்பிப் போகாதீர்கள்.

2023 செப்டம்பரில் பிரான்சின் காஸ்டெல்சக்ராவில் நடந்த இளம் வீரர்களுக்கான உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில், கேரளத்துத் திரூரைச் சேர்ந்த நிதா அஞ்சும் 120 கி.மீ. தூரத்தை முடித்தார். அந்தப் போட்டியை முடித்த முதல் இந்தியர் அவர்தான். செய்திகளில் தூரமும் நேரமும் வந்தன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அவருடைய குதிரை, மருத்துவரின் சோதனையைத் தாண்டியது என்பது செய்தியில் பாதி வரிக்குக்கூட வராது. ஆனால் நான் சந்தித்த நல்ல பயிற்சியாளர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்: எத்தனையாவது நிமிடத்தில் இறங்கியது?

போட்டியில் மருத்துவர் இருக்கிறார். ஞாயிறு விடியலில் தாம்பரத்திலிருந்து அகரம்தென், மதுரப்பாக்கம், கோவிலாஞ்சேரி வழியாகவோ, முடிச்சூர் தாண்டி மண்ணிவாக்கம், படப்பை ஏரிக்கரைகள் பக்கமோ நீங்கள் 30 கி.மீ. பயிற்சிக்குப் போகும்போது யார் இருக்கிறார்? நீங்கள், குதிரையைப் பராமரிக்கும் சைஸ், ஒரு ஸ்டெதாஸ்கோப். இந்த அத்தியாயம் அந்த மூவருக்காக எழுதியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேணத்தில் உட்கார்ந்திருப்பவர் நல்ல நீதிபதி அல்ல. கூட்டத்தோடு ஓடும் குதிரை தன் களைப்பைக் காட்டாது. முன்னால் ஒரு வால் தெரிந்தால் போதும், போய்க்கொண்டே இருக்கும். நம் பக்கத்துச் சவாரிப் பள்ளிகளில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் குதிரைகள் நிறைய. அவற்றில் இந்தக் குணம் இரட்டிப்பு. உடலில் தசையும் அதிகம் என்பதால் மெலிந்த அரபுக் குதிரையைவிடச் சூடு தணிய நேரம் எடுக்கும். மேலே இருந்துகொண்டு “நன்றாகத்தானே போகிறது” என்று சொல்வது சாட்சியம் ஆகாது. இறங்கி, தொட்டு, எண்ணிப் பார்த்தது மட்டுமே சாட்சியம்.

சும்மா நிற்கும்போது உள்ள எண்கள்

ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்குத் துடிப்பு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, ஆசனவாய் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை. இது புத்தகக் கணக்கு. உங்கள் குதிரையின் கணக்கு வேறு. ஒரு வாரம், காலையில் கொள்ளு வைப்பதற்கு முன், லாயத்திலேயே எண்ணி எழுதுங்கள். லாயச் சுவரில் சாக்பீஸால் எழுதினாலும் சரி. தகரக் கூரை போட்ட லாயமாக இருந்தால் மே மாதத்து எண்களும் மார்கழி எண்களும் ஒன்றாக இருக்காது, முக்கியமாக மூச்சு. ஆகவே இரண்டு பருவத்துக்கும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். இயல்பாக 32 துடிக்கும் குதிரை ஒரு நாள் காலையில் 44 காட்டினால், புத்தகப்படி அது சரியான எண்தான். ஆனால் அன்று சேணம் ஏற்றக் கூடாது.

துடிப்பைக் கேட்க வேண்டிய இடம் இடது முழங்கைக்குப் பின்னால், வயிற்றுவார் போகும் இடத்தை ஒட்டி. லப், டப் இரண்டும் சேர்ந்துதான் ஒரு துடிப்பு. புதியவர்கள் இரண்டையும் தனித்தனியாக எண்ணிவிட்டு 120 என்று பதறுவதைப் பார்த்திருக்கிறேன். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கலாம். நேரம் இருந்தால் 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்குவது நல்லது, பிழை பாதியாகும். மார்பில் கட்டும் மின்னணுக் கருவி வைத்திருப்பவர்களும் காதால் எண்ணப் பழகுங்கள். வியர்வையில் அது நழுவி, அர்த்தமில்லாத எண்களைக் காட்டும். தாளம் தவறித் துடிப்பதைக் காதுதான் கண்டுபிடிக்கும்.

சவாரி முடிந்து நின்றவுடன் ஒரு எண், ஐந்தாம் நிமிடத்தில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று. தயாராக இருக்கும் குதிரை மிதமான டிராட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடத்தையொட்டி 64க்குக் கீழே வந்துவிடும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முதல் சுற்றில் ஐந்து நிமிடம், இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் பதின்மூன்று. மூன்றும் தேர்ச்சிதான், எந்த விதியும் மீறப்படவில்லை. ஆனால் நான்காவது சுற்றில் என்ன ஆகும் என்பதை அந்த மூன்று எண்களும் முன்கூட்டியே சொல்லிவிட்டன. மருத்துவர் பார்ப்பது அந்த நிமிடத்துக் குதிரையை. காலையிலிருந்து பார்த்துவருபவர் நீங்கள். அதனால் இந்த இடத்தில் மருத்துவர் “போகலாம்” என்று சொன்ன பிறகும் போகாமலிருக்கும் உரிமை உங்களுடையது. அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு சோதனைக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். துடிப்பு 60 அருகே இறங்கியதும் எண்ணுங்கள். பிறகு கைக்கயிற்றில் பிடித்து ஏறத்தாழ 40 மீட்டர் டிராட்டில் கொண்டுபோய், திருப்பி, டிராட்டிலேயே கொண்டுவாருங்கள். கிளம்பிய கணத்திலிருந்து சரியாக ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுங்கள். 60 போய் 56 ஆனால் அற்புதம். 60க்கு 60, நிம்மதி. 64 ஆனால் அடுத்த சுற்றை மெதுவாகப் போங்கள். 68 ஆனால் ஏதோ இருக்கிறது: வலியோ, சூடோ, நீர் வற்றியதோ. நொண்டல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இந்த எண் அதைக் காட்டிக்கொடுப்பது உண்டு. அமெரிக்க மருத்துவர் கெரி ரிட்ஜ்வே பரப்பிய முறை இது. எண்டூரன்ஸ் போட்டிகளில் இன்றும் நடக்கிறது.

தாம்பரத்துக் காற்று

எண்டூரன்ஸ் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் வறண்ட ஊர்க்காரர்கள் எழுதியவை. கலிபோர்னிய மலைகளில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பை நூறு மைல் சவாரியாகட்டும், அரபு நாட்டுப் பாலைவனப் போட்டிகளாகட்டும், அங்கே வியர்வை வந்ததும் காய்ந்துவிடும். காயும்போதுதான் அது உடலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நம் ஊரில் வியர்வை காயாது, சொட்டும். கடுமையாக உழைக்கும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கும் மேல் வியர்க்கக்கூடியது. அந்த நீரும் உப்பும் மண்ணில் விழுந்து வீணாக, உடல் சூடு அப்படியே நிற்கும்.

குதிரைக்காரர்களிடம் ஒரு பழைய கூட்டல் கணக்கு உண்டு. வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பதச் சதவீதத்தோடு கூட்டுங்கள். 130க்குக் கீழே என்றால் கவலை இல்லை. 150ஐத் தாண்டினால் குதிரையால் தன்னைத்தானே முழுதாகக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. 180ஐத் தொட்டால் சேணத்தைக் கொக்கியிலேயே விட்டுவிடுங்கள். இப்போது ஐப்பசி மாதத்து விடியல் ஒன்றை எடுங்கள்: 26 டிகிரி செல்சியஸ், அதாவது 79 ஃபாரன்ஹீட்; ஈரப்பதம் 90. கூட்டினால் 169. நமக்கு இதமான காலை. குதிரைக்கு அது கடினமான காலை. மே மாத நண்பகலில் 38 டிகிரிக்கு ஈரப்பதம் 40 என்றால் 140தான் வரும். அதைப் பார்த்துவிட்டு நண்பகலில் கிளம்பிவிடாதீர்கள். இந்தக் கணக்கில் வெயில் சேரவில்லை, தார்ச்சாலையின் அனலும் சேரவில்லை. நான் சொல்ல வருவது, குளுகுளுவென்று இருக்கிறதே என்று மழைக்கால விடியலில் வேகத்தைக் கூட்டுவதுதான் இந்தப் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு என்பது.

இந்தக் காற்றில்தான் மூச்சும் குழப்பும். நின்று ஐந்து நிமிடம் கழித்து நாய்போல் இளைத்துக்கொண்டு நிற்கும் குதிரையின் மூச்சு, துடிப்பையே தாண்டி நிமிடத்துக்கு 90, 100 என்று போகலாம். நுரையீரல் வழியாகச் சூட்டை வெளியேற்றப் பார்க்கிறது. அது மட்டும் இருந்து, துடிப்பு ஒழுங்காக இறங்கி, வாய் புல்லைத் தேடினால் பயப்பட வேண்டாம். குளிர்வித்து, பொறுத்திருந்து பாருங்கள். அப்போது வெப்பமானியை எடுப்பது கட்டாயம். 39.5க்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் சரி. 40க்கு மேல், பத்து நிமிடத் தண்ணீருக்குப் பிறகும் அசையாமல் நின்றால், அன்றைய சவாரி முடிந்தது. 41 என்பது மருத்துவரைக் கூப்பிட்டுக்கொண்டே தண்ணீர் ஊற்ற வேண்டிய எண்.

தண்ணீரைப் பற்றி நம் லாயங்களில் ஒரு பயம் உண்டு: சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும், குதிரை விழுந்துவிடும் என்பார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் புழுக்கத்தில் நடக்கப்போகிறது என்றதும் ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். குளிர்ந்த நீரை உடல் முழுக்க ஊற்றினால் சூடு வேகமாக இறங்கியது. தசைக்குக் கேடு வரவில்லை. ஆகவே கழுத்து, மார்பு, வயிறு, தொடை என்று எல்லா இடத்திலும் ஊற்றுங்கள். ஊற்றிய நீர் சீக்கிரமே வெந்நீராகிவிடும் என்பதால் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நனைந்த துண்டை முதுகில் போர்த்தி விட்டுவிடுவது உதவி போலத் தெரியும். சூட்டைப் பூட்டி வைக்கும் வேலை அது.

நம் கரைக்கு வந்த குதிரைகளின் கதை பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகள் கடல்வழி வந்தும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். வெளிநாட்டவர் கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கலாம். காரணத்தை மட்டும் அவர் மிகைப்படுத்தவில்லை.

வாய், தோல், வயிறு

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈரமாக, வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு பிசுபிசுத்தால், செங்கல் நிறமானால், பல்லோரத்தில் நீலம் கலந்த கோடு தெரிந்தால் பேச்சே வேண்டாம். தோலைக் கிள்ளிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. கழுத்தில் கிள்ளுவதைவிடத் தோள்முனையில் கிள்ளுங்கள். வயதான குதிரையின் கழுத்துத் தோல் எப்போதுமே மெதுவாகத்தான் திரும்பும். கழுத்துச் சிரையைக் கீழே விரலால் அடைத்தால் ஓரிரு விநாடியில் மேலே புடைக்க வேண்டும். அது தாமதமானால் இரத்தத்தில் நீர் குறைந்திருக்கிறது.

வயிற்றுச் சத்தத்தை நான்கு இடத்தில் கேளுங்கள்: இடப்பக்கம் மேலும் கீழும், வலப்பக்கம் மேலும் கீழும். ஓட்டத்தில் இரத்தம் தசைக்குப் போய்விடுவதால் குடல் கொஞ்சம் அடங்கியிருக்கும். பச்சைப் புல்லோ குதிரை மசாலோ நாலு வாய் தின்றதும் திரும்பச் சலசலக்க வேண்டும். நான்கு இடத்திலும் நிசப்தம் என்றால் அது வயிற்றுவலியின் முன்னறிவிப்பு.

இத்தனை சோதனைகளையும் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் “தின்கிறதா, குடிக்கிறதா” என்பதை வைத்தால், நான் இரண்டாவதைத்தான் நம்புவேன். இதில் சைஸின் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். தினமும் வாளி வைப்பவர் அவர். “சார், வாளில வாயே வைக்கல சார்” என்று அவர் சொன்னால் அது ஒரு மருத்துவக் குறிப்பு. சிரித்துக்கொண்டே கடந்துபோகாதீர்கள். எலக்ட்ரோலைட் பசை கொடுக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. குடிக்கும் குதிரைக்கு அது துணை. குடிக்காத குதிரையின் வாயில் அந்த உப்பைத் திணித்தால், உடம்பில் மிஞ்சியிருக்கும் நீரும் குடலுக்கு இழுக்கப்படும். முதலில் தண்ணீர், பிறகுதான் உப்பு.

கால்

உலகமெங்கும் எண்டூரன்ஸ் போட்டிகளில் குதிரைகள் நீக்கப்படுவதற்கு முதல் காரணம் நொண்டல்தான். துடிப்பும் வயிறும் அதற்கு அடுத்துத்தான். தாம்பரம் பக்கத்தில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு: ஜல்லி. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைப் பாறை சார்னக்கைட் என்னும் கடினமான கருங்கல். 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்டு அதற்கு அந்தப் பெயரை வைத்ததே கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக் கல்லறைக் கல்லைப் பார்த்துத்தான். அந்தப் பாறையை உடைத்த ஜல்லி மனைப்பிரிவுச் சாலைகள் எல்லாவற்றிலும் கொட்டிக் கிடக்கிறது. கூர் மழுங்காது. உள்ளங்குளம்பில் ஒன்று குத்தினால் அப்போதே நொண்டாமல், அரை மணி கழித்து, சூடு ஆறியதும் நொண்டும் குதிரைகள் அநேகம். ஆகவே நின்றதும் நான்கு குளம்பையும் தூக்கிக் கொத்தியால் சுரண்டிப் பாருங்கள். லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே சிக்கிய கல் வெளியே தெரியாது. முட்டுக்காடு, கோவளம் பக்கம் மணலில் ஓட்டுபவர்களுக்கு ஜல்லித் தொல்லை இல்லை. முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண்தான் அங்கே பலியாகும். இரண்டு கால்களையும் ஒன்றாகக் கையில் பிடித்து ஒப்பிடுங்கள், எது சூடு என்று.

நடையைக் கடினமான, சமமான தரையில், நேர்கோட்டில் பாருங்கள். தாம்பரத்தில் அப்படி ஒரு இடம் கண்டுபிடிப்பது தனிச் சாதனை. தேவாலய வாசலோ பள்ளி மைதானத்து ஓரமோ கிடைத்தால் விடாதீர்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தலையை நிமிர்த்தியே வைத்திருப்பவர், தெரிந்தோ தெரியாமலோ நொண்டலை மறைக்கிறார். முன்னங்கால் வலித்தால், வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும், நல்ல கால் தொடும்போது இறங்கும். பின்னங்காலுக்கு இடுப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். நடக்கும்போது தெரியாமல் டிராட்டில் மட்டும் ஒவ்வொரு அடியிலும் தெரிந்தாலே அன்றைக்குப் போதும். “கொஞ்சம் ஓடினா சரியாயிடும்” என்ற வாக்கியத்தை நான் எத்தனையோ லாயங்களில் கேட்டிருக்கிறேன். சில சமயம் உண்மையாகவே சரியாகும். மறுநாள் காலையில் அந்தக் கால் பானைபோல் வீங்கியிருக்கும்.

சேணத்தைக் கழற்றி முதுகை விரல்களால் அழுத்திக்கொண்டே போங்கள். பிடரி முடியும் மேட்டிலும் வயிற்றுவார் உரசும் இடத்திலும் தோல் கன்றியிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அசைக்கவே கூடாத நேரம்

மூன்று நிலைகளில் குதிரையை லாயம்வரை நடத்திக்கொண்டுபோகலாம் என்ற எண்ணமே கூடாது. பின்தொடைத் தசை கல்லாக இறுகி, அடி எடுக்க மறுத்து, காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்தால் தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. ஒவ்வொரு அடியும் கேட்டைக் கூட்டும். விலா முடியும் பள்ளம் விக்கல் எடுப்பதுபோல் துள்ளி, அந்தத் துள்ளல் இதயத் துடிப்போடு ஒரே தாளத்தில் இருந்தால் உப்பும் கால்சியமும் குலைந்திருக்கின்றன. தலை தொங்கி, கண் மங்கி, காதருகே கைதட்டினாலும் திரும்பாமல் நின்றால் உடலில் சக்தி தீர்ந்தது. மூன்றிலும் நிழல், தண்ணீர், மருத்துவர், இந்த வரிசையில். வாய்வழி மருந்து எதுவும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

மருத்துவர் என்றதும் தூரத்தையும் யோசிக்க வேண்டும். 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி இன்று வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக, வண்டலூர்ப் பக்கத்திலிருந்து குதிரையை வண்டியில் ஏற்றினால் ஜி.எஸ்.டி. சாலையையும் கத்திப்பாராவையும் தாண்டியாக வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அது ஒரு பயணம்; பத்து மணிக்கு முற்றிலும் வேறு பயணம். அதனால் பாதையைத் திட்டமிடும்போதே, குதிரையை ஏற்றும் லாரி வந்து திரும்பக்கூடிய இடங்களை அலைபேசி வரைபடத்தில் குறித்து ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள். ஏரிக்கரை நடுவில் லாரி திரும்பாது. சந்தேகம் எட்டாவது கிலோமீட்டரில் வந்தால், பத்தாவதில் இருக்கும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். பதினெட்டாவதில் உள்ளதுவரை போய்ப் பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள்.

நிறுத்திய பிறகும் வேலை இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் கொள்ளோ ஓட்ஸோ வேண்டாம். தண்ணீர், நனைத்த புல், நிழல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சில அடிகள் நடத்துங்கள், மேலே சொன்ன மூன்று நிலைகளில் இல்லாவிட்டால் மட்டும். அடுத்த சில மணி நேரத்தில் சிறுநீரும் லத்தியும் வந்ததா என்று சைஸ் குறித்து வைக்கட்டும். லத்தி உலர்ந்து, சளி போர்த்தியதுபோல் இருந்தால் குடலில் நீர் போதவில்லை. வலி மருந்தை மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், மறுநாள் நொண்டலையும் மறைத்துவிடும்.

மறுநாள் காலைதான் முழுத் தீர்ப்பு. டெவிஸ் சவாரியில் முதலில் வரும் பத்துக் குதிரைகளை அடுத்த நாள் மறுபடி பரிசோதித்து, நல்ல நிலையில் உள்ளதற்கு ஹாகின் கோப்பை என்று 1964 முதல் தனிப் பரிசே தருகிறார்கள். நீங்களும் சேணமில்லாமல் குதிரையை வெளியே கொண்டுவந்து, அதே தரையில் டிராட்டில் ஓடவிட்டு, துடிப்பையும் வெப்பத்தையும் எடுத்துச் சுவரில் உள்ள பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட எட்டுப் பத்து கூடி இருந்தாலோ, வெப்பம் 38.5ஐத் தாண்டினாலோ, வாளி நேற்றிரவு வைத்தபடியே நிறைந்திருந்தாலோ, காலை எட்டு மணிக்குள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் இரண்டு நாள் கைக்கயிற்றில் நடை, பிறகு ஒரு வாரம் லேசான வேலை. அடுத்த நீண்ட சவாரியின் தேதியை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.